சிங்கப்பூர் – நியூயார்க்: தூரம் 15,349 கி.மீ. சரி, நேரம் மட்டும் ஏன் இடத்துக்கு இடம் மாறுது?

11 ஜனவரி 2025, இரவு 9.48 | தெற்குவாசல்

சிங்கப்பூர் சாங்கி விமான நிலையத்திலிருந்து நியூயார்க் ஜேஎஃப்கே விமான நிலையத்துக்குச் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் நேரடி விமானம். தூரம் பார்க்கிற தளம் ஒண்ணு 15,349 கி.மீ., 19 மணி 41 நிமிஷம் என்கிறது. இன்னொண்ணு 8,288 மைல் என்கிறது, மூணாவது 9,537 மைல். டிக்கெட்டில் 18 மணி 40 நிமிஷம். ஃப்ளைட்ரேடாரில் (விமானம் எங்கே பறக்குதுன்னு காட்டற தளம்) சக்கரம் தூக்கினதிலிருந்து தரை தொட்டது வரை பார்த்தா 17 மணி சொச்சம். வரைபடத்தில் கோடு வடதுருவத்து மேலே போகுது, விமானம் என்னடான்னா ஜப்பான் மேலே போகுது.

என் முடிவு: தளம் தப்பு, நிறுவனம் நேரத்தை ஏத்திச் சொல்லுது, விமானி சுத்தி வளைச்சு எரிபொருளை வீணாக்கறார். மறுப்பு இருந்தா போடுங்க.

11 ஜனவரி, இரவு 10.35 | கணக்குப்பிள்ளை

மூன்று தூரமும் ஒன்றுதான். 15,349 கி.மீ.யை 1.852 ஆல் வகுத்தால் 8,288 கடல் மைல். 1.609 ஆல் வகுத்தால் 9,537 சாதா மைல். விமானத் துறையில் மைல் என்றால் கடல் மைல். அதைச் சாதா மைல் என்று எண்ணிக் கிலோமீட்டருக்கு மாற்றினால் 13,338 வரும், இரண்டாயிரம் கி.மீ. காணாமல் போயிருக்கும்.

கையில் போட்டுச் சரிபார்க்க: சாங்கி வடக்கு 1.350°, கிழக்கு 103.994°. ஜேஎஃப்கே வடக்கு 40.640°, மேற்கு 73.779°. தீர்க்கரேகை வித்தியாசம் 177.773°. இரண்டு அட்சரேகைகளின் சைன்களைப் பெருக்கினால் 0.0153. அவற்றின் கோசைன்களைப் பெருக்கி, அதை 177.773-இன் கோசைனால் பெருக்கினால் −0.7580. இரண்டையும் கூட்ட −0.7427. அதன் ஆர்க் கோசைன் 137.96°. ஒரு டிகிரிக்கு 111.195 கி.மீ. என்று பெருக்கினால் 15,341. எட்டு கி.மீ. குறைகிறதே என்றால், இந்தக் கணக்கு பூமியைச் சரியான உருண்டையாக எடுத்துக்கொள்கிறது. துருவத்தில் தட்டையான வடிவத்தை வைத்துப் போட்டால் 15,349.

இதில் வழக்கமாகச் சறுக்கும் இடம் இரண்டு. கால்குலேட்டர் டிகிரிக்குப் பதில் ரேடியன் என்ற வேறு கோண அலகில் கிடப்பது ஒன்று. மேற்குத் தீர்க்கரேகைக்குக் கழித்தல் குறி போடாமல் விடுவது இன்னொன்று. குறி விட்டால் விடை சுமார் 5,320 கி.மீ. வரும். அந்த இடத்தில் இருப்பது கிர்கிஸ்தான், ஓஷ் நகருக்குக் கொஞ்சம் கிழக்கே.

19 மணி 41 நிமிடத்தின் ரகசியம் எளிது: 15,349 ÷ 800 = 19 மணி 11 நிமிடம், ஏறி இறங்க 30 நிமிடம். அந்தத் தளத்துக்கு காற்றும் தெரியாது, விமான ரகமும் தெரியாது. சென்னை–டெல்லி மாதிரி 1,760 கி.மீ.க்கு இந்த வாய்ப்பாடு 2 மணி 42 நிமிடம் தரும், பரவாயில்லை. பதினைந்தாயிரத்துக்கு ஒத்துவராது, ஏனென்றால் அங்கே பயணத்தின் பெரும்பங்கு 900 கி.மீ. வேகத்தில் ஓடுகிறது.

11 ஜனவரி, இரவு 11.20 | காற்றுவாக்கு

"சுத்தி வளைச்சு" என்ற வார்த்தைக்குத்தான் என் மறுப்பு.

இந்த வழியில் ஓடற ஏ350 விமானம் பொதுவா மாக் 0.85-ல, அதாவது ஒலி வேகத்தில் 0.85 பங்கில், ஓடும். 37,000 அடியில் வெளிவெப்பம் மைனஸ் 56 பக்கம் இருந்தா அது மணிக்கு 903 கி.மீ. இது காற்றுக்குள்ள போகிற வேகம், தரை மேலே போகிற வேகம் கிடையாது. ஆத்துல நீரோட்டத்தோட நீந்தறவன் கணக்குதான்: அவன் கை வீச்சு அதேதான், கரை மட்டும் வேகமா நகரும்.

காற்றே இல்லாத நாளில் பெருவட்டம், அதாவது உருண்டை மேலே ரெண்டு ஊருக்கும் நடுவில் இருக்கிற மிகக் குறுகிய வழி: 15,349 ÷ 903 = 17 மணி 0 நிமிஷம். டோக்கியோ பக்கமாப் போனா சிங்கப்பூர்–டோக்கியோ சுமார் 5,360, டோக்கியோ–நியூயார்க் சுமார் 10,840, மொத்தம் 16,200. அதாவது 850 கி.மீ. கூடுதல். இதையும் 17 மணியில் முடிக்கணும்னா தரைவேகம் 953 வேணும். பின்காற்று சராசரி 50 கி.மீ. இருந்தாப் போதும், ரெண்டு வழியும் சமம். குளிர்காலத்தில் ஜப்பானுக்குக் கிழக்கே ஜெட் ஸ்ட்ரீம் (உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்கே ஓடற காற்று ஆறு) 200, 250 கி.மீ. வேகத்தில் ஓடறது சர்வ சாதாரணம். துருவத்து வழியில் அந்தத் தள்ளு கிடையாது.

ஆக அந்த 850 கி.மீ. வீண் இல்லை. காத்து சும்மா தள்ளிவிடற இடத்துக்குப் போய் ஏறிக்கிறதுக்கான செலவு.

12 ஜனவரி, காலை 7.05 | கணக்குப்பிள்ளை

சராசரி 50 என்பதில் ஒரு நெருடல். காற்று வழிநெடுக ஒரே சீராக அடித்தால் நீங்கள் சொன்ன 17 மணி. நிஜத்தில் பாதையின் கால்பங்கில் 200, மீதியில் சுழியம் என்று இருக்கலாம். தூரத்தால் சராசரி எடுத்தால் அதுவும் 50தான். ஆனால் 4,050 கி.மீ.யை 1,103 ஆலும் 12,150 கி.மீ.யை 903 ஆலும் தனித்தனியாக வகுத்துக் கூட்டினால் 17 மணி 8 நிமிடம். வேகமாகப் போகும் பகுதியில் விமானம் குறைந்த நேரமே இருக்கிறது, அதனால் அந்தக் காற்றின் பயனும் குறைந்த நேரமே கிடைக்கிறது. துண்டு துண்டாக வகுத்துத்தான் கூட்ட வேண்டும், வேகத்தைச் சராசரி எடுக்கக் கூடாது.

பக்கக்காற்றும் இலவசம் இல்லை. 903-இல் போகும் விமானத்துக்கு நேர் குறுக்காக 150 அடித்தால், மூக்கைக் காற்றுப் பக்கம் திருப்பி வைத்துப் பறப்பதில் தரைவேகம் 890க்கு இறங்கும்.

12 ஜனவரி, காலை 7.40 | காற்றுவாக்கு

8 நிமிஷத்துக்கு இவ்வளவு கணக்கா என்று சிரிக்க வேண்டாம். மணிக்கு ஆறு டன்னுக்குப் பக்கமாக் குடிக்கிற விமானத்தில் 8 நிமிஷம் என்றால் முக்கால் டன் எரிபொருள்.

இன்னொரு பக்கம் துருவத்து வழிக்கும் ஒரு விலை இருக்கு, அது குளிர். மாக் எண் ஒலியின் வேகத்தோட பங்கு. காற்று குளிர்ந்தா ஒலி மெதுவாகும். மைனஸ் 70-ல அதே மாக் 0.85 என்பது 903 இல்லை, 874. பாதையில் 5,000 கி.மீ. அப்படிக் குளிரில் போனா 11 நிமிஷம் கூடும். வரைபடக் கோட்டில் இதெல்லாம் எழுதியிருக்காது.

12 ஜனவரி, பகல் 1.15 | தெற்குவாசல்

சரி, போறதுக்கு ஒத்துக்கறேன். அப்போ திரும்பி வரும்போது அதே ஜெட் ஸ்ட்ரீம் முகத்தில் அடிக்குமே? வர்றதுக்கு 20 மணி ஆகணும். டிக்கெட்டில் கிட்டத்தட்ட அதே நேரம்தான் போட்டிருக்கான். ஒரு பக்கம் பொய்.

12 ஜனவரி, பகல் 2.02 | காற்றுவாக்கு

திரும்பி வரும்போதும் கிழக்கேதான் வருவான்.

12 ஜனவரி, பகல் 2.10 | தெற்குவாசல்

புரியலை.

12 ஜனவரி, பகல் 2.55 | காற்றுவாக்கு

கணக்குப்பிள்ளை போட்ட 177.773°-ஐப் பாருங்க. பூமியைச் சுத்தி 360, அதில் பாதி 180. ரெண்டு ஊரும் கிட்டத்தட்ட எதிரெதிர்த் தீர்க்கரேகையில் இருக்கு. அதனால் கிழக்கே போனாலும் மேற்கே போனாலும் தூரம் ஏறக்குறைய ஒண்ணுதான். உலகத்தில் ரொம்பக் கொஞ்சம் ஊர் ஜோடிக்குத்தான் இந்த வசதி.

போகும்போது: தென்சீனக் கடல், ஜப்பான் பக்கம், வட பசிபிக், அலாஸ்கா அல்லது அதுக்குத் தெற்கே, கனடா, நியூயார்க். வரும்போது பல நாள்: அட்லாண்டிக், ஐரோப்பா, துருக்கிப் பக்கம், மத்திய ஆசியா அல்லது வளைகுடா, இந்தியா, வங்காள விரிகுடா, சிங்கப்பூர். இஸ்தான்புல்லை நடுப்புள்ளியா வைத்தா சுமார் 16,700 கி.மீ. இதை 17 மணியில் முடிக்க சராசரி 80 கி.மீ. பின்காற்று வேணும், பசிபிக் வழியை விடக் கடினம். ஆனா அந்த நாளில் பசிபிக்கில் எதிர்காற்று அடிச்சா இதுவே லாபம். போய் வந்தா உலகத்தை ஒரு சுத்து சுத்தினதா ஆகிடும்.

எல்லா நாளும் இப்படித்தான்னு நினைச்சுக்காதீங்க. பறப்பதற்குச் சில மணி முன்னாடி காற்று முன்னறிவிப்பை வைத்து கணினி பல பாதையைப் போட்டுப் பார்க்கும். நேரம், எரிபொருள், வான்வெளிக் கட்டணம் மூணையும் கூட்டி எது மலிவோ அதுதான் அன்னிக்குப் பாதை. நேத்து ஜப்பான் மேலே போனதால் நாளைக்கும் அப்படியே போகும் என்று சொல்ல முடியாது.

12 ஜனவரி, மாலை 6.30 | வானாந்தரம்

துருவப் பாதையை யாரும் தொடவில்லையே என்று எழுதுகிறேன்.

இந்தப் பெருவட்டம் துருவத்துக்கு எவ்வளவு நெருக்கம் என்றால், சுமார் 280 கி.மீ. தள்ளிப் போகிறது. துருவப்புள்ளி மேலேயே ஏறி இறங்கினாலும் ஐந்தாறு கி.மீ.தான் கூடும். கோடு தாய்லாந்து வளைகுடா, கம்போடியாவின் மேற்கு, லாவோஸ், சிச்சுவானின் மேற்கு மலைகள், மங்கோலியா, சைபீரியா, தைமிர் என்று ஏறும். மறுபக்கம் கிரீன்லாந்தின் வடமேற்கு ஓரம், பாஃபின் தீவு, கியூபெக் என்று இறங்கும். ரஷ்ய வான்வெளியை முழுக்க நெடுக்காகக் கடக்க வேண்டும். பிப்ரவரி 2022க்குப் பிறகு பல நிறுவனங்களுக்கு அந்த வழி அடைப்பு. ஹெல்சின்கி–டோக்கியோ ஒன்பதரை மணிப் பக்கம் இருந்தது 13 மணிப் பக்கம் போனது அதனால்தான்.

வான்வெளி திறந்திருந்தாலும் துருவம் சும்மா விடாது. அமெரிக்க விமானப் போக்குவரத்து ஆணையமான எஃப்ஏஏ தன் நாட்டு நிறுவனங்களுக்கு 78° வடக்குக்கு மேலே தனி விதி வைத்திருக்கிறது: மாற்று விமான நிலையங்கள் முன்கூட்டியே குறிக்கப்பட வேண்டும், அங்கே இறங்கினால் பயணிகளை மீட்கத் திட்டம் வேண்டும், எரிபொருள் உறையாமல் பார்க்கும் ஏற்பாடு வேண்டும், சூரியப் புயல் கண்காணிப்பு வேண்டும், விமானத்தில் குறைந்தது இரண்டு கடுங்குளிர் உடை இருக்க வேண்டும். வெளியே இறங்கி ஏதாவது பார்க்க நேர்ந்தால் போட்டுக்கொள்ள.

தொடர்பும் சிக்கல். பூமத்திய ரேகைக்கு மேலே நிற்கும் செயற்கைக்கோள் 82 டிகிரிக்கு அப்பால் அடிவானத்தோடு ஒட்டிவிடும். மிச்சம் எச்எஃப் எனும் நெடுந்தூர ரேடியோ, இல்லாவிட்டால் துருவத்தையும் சுற்றிவரும் இரிடியம் செயற்கைக்கோள்கள். காந்தத் திசைகாட்டியும் அங்கே உதவாது, கருவிகளை நிஜ வடக்குக்கு மாற்றிக்கொள்வார்கள்.

மீட்புத் திட்டம் காகித வேலை என்று நினைப்பவர்களுக்கு: பிப்ரவரி 2017-இல் சூரிக்–லாஸ் ஏஞ்சலஸ் போன போயிங் 777 ஒன்று, எஞ்சின் நின்றதால் கனடாவின் இக்காலுவிட்டில் இறங்கியது. பயணிகளை எடுக்க வேறு விமானம் வந்தது. மாற்று எஞ்சின் அன்டோனோவ் 124 சரக்கு விமானத்தில் வந்தது. வெட்டவெளிக் குளிரில் கூடாரம் போட்டுச் சூடேற்றி மாற்றினார்கள்.

12 ஜனவரி, இரவு 8.12 | தெற்குவாசல்

எரிபொருள் உறையுமா? டேங்க் உள்ளேயா?

12 ஜனவரி, இரவு 8.50 | வானாந்தரம்

உறையும் என்பதை விட மெழுகு கட்டும் என்பது சரி. ஜெட் ஏ-1 ரகத்துக்கு எல்லை மைனஸ் 47. அமெரிக்காவுக்குள் பொதுவாக ஊற்றுவது ஜெட் ஏ, அதற்கு மைனஸ் 40. ஆகவே சாங்கியில் நிரப்பிக்கொண்டு போவதை விட ஜேஎஃப்கேயில் நிரப்பிக்கொண்டு குளிருக்குள் போவதுதான் தொந்தரவு. எல்லைக்கு 3 டிகிரி மேலேயே நிறுத்த வேண்டும், அதாவது ஜெட் ஏ என்றால் டேங்க் மைனஸ் 37க்குக் கீழே போகக் கூடாது.

வெளியே மைனஸ் 70 இருந்தாலும் டேங்க் உடனே அப்படி ஆகாது. வேகத்தால் காற்று அழுந்திச் சூடாகும், இறக்கையின் தோல் உணர்வது வெளிவெப்பத்தை விட இருபத்தைந்து முப்பது டிகிரி அதிகம். ஆனால் மணிக்கணக்கில் அந்தக் குளிருக்குள்ளேயே இருந்தால் மெல்ல மெல்ல இறங்கும், முதலில் இறக்கை நுனிப் பக்கம் உள்ள டேங்க். அப்போது மூன்று வழி: வெதுவெதுப்பான காற்று இருக்கும் உயரத்துக்கு இறங்குவது, பாதையைத் திருப்புவது, வேகத்தைக் கூட்டுவது. வேகம் கூட்டிப் பெரிதாகக் கிடைக்காது, மாக் 0.01 கூட்டினால் ஒரு டிகிரி கூடத் தேறாது. இறங்கினாலோ எரிபொருள் கூடுதலாகக் குடிக்கும். 17 மணி நேரப் பறப்பில் அந்தக் கூடுதலுக்கும் முன்கூட்டியே இடம் விட்டிருக்க வேண்டும்.

14 ஜனவரி, இரவு 9.30 | காற்றுவாக்கு

நேரக் கணக்கில் எடை வந்து சேர்கிற இடம் இது. இந்த வழியில் ஓடறது ஏ350-900 யுஎல்ஆர், அதாவது மிக நெடுந்தூர ரகம். சாதா ஏ350-900-ல 141,000 லிட்டர் பக்கம் பிடிக்கும், இதில் 165,000. தனி டேங்க் வைக்கலை, இருக்கிற டேங்கிலேயே இன்னும் மேல் வரைக்கும் நிரப்புகிற மாதிரி எரிபொருள் அமைப்பை மாத்தினாங்க. லிட்டருக்கு 0.8 கிலோ என்று வைத்தா 132 டன். அதிகபட்சப் புறப்பாட்டு எடை 280 டன். ஏறக்குறையப் பாதி எரிபொருளே.

எரிபொருளைச் சுமக்கவும் எரிபொருள் வேணும். தோராய விதி: கூடுதலா ஏத்தற எடையில் மணிக்கு மூணு சதவீதம் போல அதைச் சுமக்கவே எரியும். 18 மணிக்கு அது பாதியைத் தாண்டும். (சரியாப் பார்த்தா கூட்டுவட்டி தலைகீழாப் போகிற மாதிரி, அதனால் 40 சதவீதம் பக்கம்.) "எதுக்கும் இருக்கட்டும்" என்று பத்து டன் கூடப் போட்டா, இறங்கும்போது ஆறு டன்தான் மிஞ்சும்.

இருக்கை 161 மட்டும்: பிசினஸ் 67, பிரீமியம் எகானமி 94. சாதா எகானமி கிடையாது. முன்பக்கச் சரக்கு அறையும் பயன்பாட்டில் இல்லை. இடம் இல்லாமல் விட்டது இல்லை, எடையும் வருமானமும் கணக்குப் பார்த்து விட்டது.

14 ஜனவரி, இரவு 10.05 | பறவைநோக்கி

இதுக்கு முன்னாடி ஏ340-500 ஓடினது. ஜூன் 2004-ல நியூயார்க் பக்கத்து நியூவார்க் விமான நிலையத்துக்கு ஆரம்பிச்சு நவம்பர் 2013-ல நிறுத்தினாங்க. முதலில் 181 இருக்கை, பிறகு 100 இருக்கை, எல்லாமே பிசினஸ். நாலு எஞ்சினுக்கும் எண்ணெய் விலைக்கும் கட்டுப்படியாகலை. 11 அக்டோபர் 2018-ல யுஎல்ஆர் வைத்து நியூவார்க் மறுபடி தொடங்கி, நவம்பர் 2020-ல ஜேஎஃப்கேயும் சேர்ந்தது. நியூவார்க் 15,344, ஜேஎஃப்கே 15,349. அஞ்சு கி.மீ. வித்தியாசத்தில் "உலகின் மிக நீளமான பயணச்சேவை" பட்டம் கைமாறினது.

15 ஜனவரி, காலை 6.45 | தெற்குவாசல்

ஃப்ராங்க்ஃபர்ட்டில் இறங்கிப் போகிற சேவையும் இருக்கே. தூரம் எவ்வளவு கூடும்? விலை குறைவா இருந்தா அதுவே போதுமே.

15 ஜனவரி, காலை 8.20 | கணக்குப்பிள்ளை

சிங்கப்பூர்–ஃப்ராங்க்ஃபர்ட் சுமார் 10,280, ஃப்ராங்க்ஃபர்ட்–நியூயார்க் சுமார் 6,190. கூட்டினால் 16,470. நேர்வழியை விட 1,120 கி.மீ.தான் அதிகம், நேரடி விமானம் நிஜத்தில் பறக்கும் தூரத்துக்கு ஏறக்குறையச் சமம். ஆனால் இரண்டு கட்டமும் மேற்கு நோக்கி. முதலாவது பதின்மூன்று மணிக்கு மேல், இரண்டாவது எட்டரை மணிப் பக்கம், நடுவில் தரையில் இரண்டு மணி. 24 மணியைத் தொடும்.

இங்கே தோற்பது தூரத்தால் இல்லை. ஃப்ராங்க்ஃபர்ட்டில் இறங்கியாக வேண்டும் என்று முடிவெடுத்த நொடியே கிழக்கே போகும் உரிமையை விட்டுவிட்டீர்கள்.

15 ஜனவரி, காலை 8.31 | காற்றுவாக்கு

கடைசி வரியை யாராவது சட்டம் போட்டு மாட்டுங்க.

19 ஜனவரி, மாலை 4.10 | கிழக்குக்கரை

நடுவில் நுழையறேன். சென்னையிலிருந்து சிங்கப்பூர் போய் இந்த நேரடி விமானத்தைப் பிடிச்சா சுகமா இருக்குமா? ஒரே ஒரு மாற்றம்தானே.

19 ஜனவரி, மாலை 5.25 | கணக்குப்பிள்ளை

சென்னை–நியூயார்க் பெருவட்டம் சுமார் 13,480. வழிகளைப் பாருங்கள். லண்டன் வழி சுமார் 8,230 + 5,550 = 13,780. துபாய் வழி சுமார் 2,930 + 11,020 = 13,950. சிங்கப்பூர் வழி சுமார் 2,920 + 15,349 = 18,270. துபாய்க்கும் சிங்கப்பூருக்கும் சென்னையிலிருந்து தூரம் ஏறக்குறைய ஒன்றே. ஆனால் ஒன்று போகும் திசையில் இருக்கிறது, மற்றது முதுகுப்புறம். 4,300 கி.மீ. கூடுதல், காத்திருப்பு நீங்கலாக நாலரை மணி நேரம். விலையோ மைலேஜ் புள்ளியோ காரணமாக இருந்தால் தவிர இது பயண வழி ஆகாது.

19 ஜனவரி, மாலை 5.40 | கிழக்குக்கரை

நன்றி. துபாய்.

2 பிப்ரவரி, காலை 10.15 | காற்றுவாக்கு

டிக்கெட்டில் 18:40, வானில் 17 சொச்சம், நடுவில் இருக்கிற ஒன்றரை மணி எங்கே போச்சு என்பதற்கு இன்னும் யாரும் பதில் சொல்லலை. ஆரம்பக் கேள்வியே அதுதானே.

டிக்கெட் நேரம் என்பது பிளாக் டைம். கேட்டை விட்டுப் பின்னால் தள்ளின நொடியிலிருந்து இன்னொரு கேட்டில் நின்ற நொடி வரை. வானில் இருந்த நேரத்தோட இதைச் சேர்க்கணும்: சாங்கியில் புஷ்பேக், எஞ்சின் தொடக்கம், ஓடுபாதைக்கு ஓட்டம் எல்லாம் சேர்ந்து 15, 20 நிமிஷம். ஜேஎஃப்கேயில் இறங்கின பிறகு பத்திலிருந்து இருபது. கிளம்புகிறது ஜேஎஃப்கேயிலிருந்து என்றால் மாலை நெரிசலில் டாக்ஸி (விமானம் ஓடுபாதை வரை தரையில் ஊர்ந்து போறது) மட்டுமே 40 நிமிஷம் தின்னும், குளிர்காலத்தில் இறக்கைப் பனி நீக்க இன்னும் கொஞ்சம்.

மிச்சம், கைவசம் இருக்கட்டும்னு சேர்க்கிற உபரி நேரம். ஒரு பருவம் முழுக்க ஒரே நேரத்தை அச்சடிக்கணும். காற்று நல்லா இருக்கிற நாளுக்கு ஏத்த மாதிரிப் போட்டா பாதி நாள் தாமதம் என்று பேர் வரும். அதனால் பெரும்பாலான நாளுக்குப் போதுமான நேரத்தைப் போடுவாங்க. தெற்குவாசல் சொன்ன "ஏத்திச் சொல்றான்" என்பது அந்த அளவுக்கு உண்மை. இதில் ஒரு சின்னத் தொல்லை உண்டு: 40 நிமிஷம் முன்னாடி இறங்கினா கேட் காலியா இல்லாம டாக்ஸிவேயில் உட்கார வைப்பாங்க. முன்னாடி வந்ததன் பலன் அங்கேயே கரையும்.

அப்புறம், 903 என்று நான் போட்ட வேகம் எல்லா நிமிஷமும் கிடைக்காது. 280 டன்னோட கிளம்பினா நேரா 40,000 அடிக்கு ஏற முடியாது. 31,000 அடிப் பக்கம் ஆரம்பிச்சு, எரிபொருள் எரிய எரியப் படிப்படியா ஏறி, கடைசியில்தான் 40,000-ஐத் தொடும். நல்ல காற்று இருக்கிற உயரம் முதல் ஏழெட்டு மணிக்கு எட்டாத உயரமா இருந்துட்டா பின்காற்று முன்னறிவிப்பு பேப்பரில் மட்டும் அழகா இருக்கும்.

2 பிப்ரவரி, பகல் 12.40 | கணக்குப்பிள்ளை

நீங்களே நேரம் கணிக்க நினைத்தால் தூரத் தளங்களை மூடிவிடுங்கள். விமான எண்ணை ஃப்ளைட்அவேர் அல்லது ஃப்ளைட்ரேடாரில் போட்டு, கிடைக்கும் பழைய நாட்களின் பட்டியலை எடுங்கள். கேட் நேரமா, சக்கரம் தூக்கிய நேரமா என்று முதலில் பிரியுங்கள், இரண்டையும் கலந்தால் குப்பை. சராசரி வேண்டாம், நடுவில் விழும் நாளை எடுங்கள், ஒரு புயல் நாள் சராசரியைக் கெடுத்துவிடும். பயணம் ஜூலையில் என்றால் ஜனவரிப் பட்டியல் உதவாது. போன ஜூலை வேண்டும், ஜெட் ஸ்ட்ரீம் கோடையில் வடக்கே நகர்ந்து மெலிந்துவிடும்.

3 பிப்ரவரி, இரவு 7.22 | பறவைநோக்கி

ஆஸ்திரேலியாவின் குவான்டஸ் நிறுவனத்தோட சிட்னி–லண்டன் நேரடித் திட்டம் வந்தா இந்த இழைக்கு இரண்டாம் பாகம் போடலாம். சுமார் 17,000 கி.மீ., ஏ350-1000, கூடுதலா 20,000 லிட்டர் டேங்க், 238 இருக்கை. 2019-ல சோதனையா ஓட்டினப்போ நியூயார்க்–சிட்னி 19 மணி 16 நிமிஷம், லண்டன்–சிட்னி 19 மணி 19 நிமிஷம். ரெண்டும் போயிங் 787-ல, சுமார் ஐம்பது பேரை மட்டும் ஏத்திக்கிட்டு. பூமியில் எந்த ரெண்டு புள்ளிக்கும் நடுவில் அதிகபட்சம் 20,000 கி.மீ.தான் என்பதால் இதுக்கு மேலே ஓட இடமும் அதிகம் இல்லை.

9 மார்ச், இரவு 11.05 | தெற்குவாசல்

இன்னிக்குத் திடீர்னு அதே விமானத்துக்கு வந்து சேரும் நேரம் ஒரு மணி தள்ளிக் காட்டுது. கிளம்பற நேரம் மாறலை. பாதை மாத்திட்டானா?

9 மார்ச், இரவு 11.40 | கணக்குப்பிள்ளை

பாதை இல்லை, கடிகாரம். இன்று அதிகாலை அமெரிக்கா கோடைக்காலக் கடிகாரத்துக்கு மாறியது. சிங்கப்பூர் மாற்றுவதில்லை. வித்தியாசம் 13 மணியாக இருந்தது 12 ஆகிவிட்டது.

நேரம் கணக்கிடும்போது எப்போதும் யுடிசிக்கு (உலகப் பொது நேரம்) மாற்றிவிட்டுக் கழியுங்கள். ஓர் உதாரணம், அட்டவணை இல்லை: சிங்கப்பூரில் நள்ளிரவு 12.00க்குக் கிளம்பினால் யுடிசியில் முந்தின நாள் 16.00. அதோடு 18.40 சேர்த்தால் 10.40. குளிர்காலத்தில் நியூயார்க்குக்கு ஐந்து கழிக்க காலை 5.40. கோடையில் நான்கு கழிக்க காலை 6.40. இரண்டிலும் பயணம் 18 மணி 40 நிமிடம்தான். கிளம்பிய தேதியிலேயே இறங்குவீர்கள்.

திரும்பும்போது தேதிதான் ஆளை ஏமாற்றும். குளிர்காலத்தில் நியூயார்க்கில் 1ஆம் தேதி இரவு 10.30க்குக் கிளம்பினால் யுடிசியில் 2ஆம் தேதி 3.30. அதே 18.40 சேர்த்தால் 22.10. சிங்கப்பூருக்கு எட்டு கூட்ட 3ஆம் தேதி காலை 6.10. டிக்கெட்டில் சின்னதாக +2 என்று போட்டிருப்பது இதைத்தான். அதைக் கவனிக்காமல் 2ஆம் தேதிக்கு அடுத்த விமானமோ ஹோட்டலோ போட்டுவிட்டுக் கையைப் பிசைபவர்கள் உண்டு.

9 மார்ச், இரவு 11.58 | தெற்குவாசல்

வழியில் தேதிக்கோட்டைத் தாண்டறோமே, அதுக்குத் தனியா ஒரு நாள் கழிக்கணுமா?

10 மார்ச், காலை 6.10 | கணக்குப்பிள்ளை

வேண்டாம். யுடிசி கணக்கில் அது ஏற்கெனவே அடங்கிவிட்டது. தனியாகக் கழித்தால் இரண்டு முறை கழித்ததாகும். ஜப்பான் வழி போனாலும் ஐரோப்பா வழி போனாலும் இறங்கும் தேதி ஒன்றே.

10 மார்ச், காலை 6.32 | காற்றுவாக்கு

நவம்பர் 2 வரைக்கும் 12 மணி வித்தியாசம். முள் கடிகாரம் கட்டியிருக்கறவங்க இறங்கினதும் திருப்பவே வேண்டாம், முள் அதே இடத்தில்தான் நிற்கும். காலையா மாலையா என்று மட்டும் ஞாபகம் வச்சுக்கோங்க.